ஏழாவது பெட்டியில் சின்ன வீடு

அத்தியாயம் 5

அரவிந்த்குமாரின் கேமராப் பையைப் பார்த்ததுமே தவசிக்கு வயிறு எரிந்தது. அந்தப் பையில் பன்னிரண்டு ஜிப். தவசியின் ரெக்ஸின் பையில் ஒரே ஒரு ஜிப்தான், அதுவும் பாதி வரைக்கும்தான் மூடும்.

எட்டு வருஷமாகத் தேவிபிரியாவுக்கு உதவியாளாக இருக்கிறான் தவசி. அருப்புக்கோட்டையில் ஒரு ஜெராக்ஸ் கடை மாடியில் அவள் நடத்தும் துப்பறியும் நிலையத்துக்கு வருவதில் முக்கால்வாசி மாப்பிள்ளை விசாரணை. பையன் குடிப்பானா, வேலை நிஜமா, சட்டைக்குள் வேறு யார் பேரையாவது பச்சை குத்தியிருக்கிறானா என்று தெருத்தெருவாக அலைந்து கேட்டு வருவது தவசி. அதை வைத்து உண்மையைச் சொல்லி நல்ல பேர் வாங்குவது தேவிபிரியா. எட்டு வருஷத்தில் ஒரு நாளாவது "கெட்டிக்காரன்டா நீ" என்று அவள் சொன்னதுண்டா? இன்று காலை ஒன்பதரை மணிக்கு, பார்த்து ஐந்து நிமிஷம்கூட ஆகாத இந்த மதுரைப் பையனிடம் சொல்லிவிட்டாள்.

"தம்பிக்கு நல்ல கண்ணு."

நல்ல கண்ணாம். தவசிக்கு மட்டும் என்ன, பொட்டைக் கண்ணா?

இடம், சங்கரலிங்கம் வீட்டு முன்கூடம். தறிச் சத்தம் ஓயாத தெரு. வீட்டுக்குள் தெலுங்கு, வாசலைத் தாண்டினால் தமிழ். சங்கரலிங்கத்துக்கு எழுபது வயது. உடம்பு அருப்புக்கோட்டையில் இருந்தாலும் மனசு கர்நாடகத்துத் தங்கவயலில் இருந்தது. இருபது வயதில் அங்கே போய், சுரங்க வாசலில் இரும்புக் கூண்டுக்குப் பக்கத்தில் நின்று, கீழே இறங்குகிற ஆட்களை எண்ணி அனுப்பி, மேலே வருகிறவர்களை எண்ணி வாங்குகிற வேலை பார்த்தவர். சுரங்கத்தை மூடியதும் மற்றவர்கள் கட்டில், பீரோ என்று ஏற்றிக்கொண்டு ஊர் திரும்பினார்கள். இவர் ஏழு இரும்புப் பெட்டிகளோடு வந்து இறங்கினார். தலைக்கவசம், கார்பைடு விளக்கு, நம்பர் அடித்த பித்தளை வில்லை, போட்டோக்கள், தங்கத் துணுக்கு மின்னும் கல். அப்படி ஓர் ஊர் இருந்தது, அதில் மனிதர்கள் வாழ்ந்தார்கள் என்பதற்குச் சாட்சி வேண்டும் என்று முன்கூடத்தையே காட்சிசாலை ஆக்கி வைத்திருந்தார்.

இப்போது அங்கே ஆறு பெட்டிகள்தான் இருந்தன.

"காலையில ஆறு மணிக்கு நடக்கப் போறப்ப ஏழும் இருந்துச்சும்மா. எட்டு மணிக்கு வந்து பாக்கேன், கடைசிப் பெட்டியக் காணோம். பூட்ட உடைக்கல, கதவ நெம்பல. வீட்டுக்காரி பின்னாடி தறிகிட்ட இருந்திருக்கா. ஒரு சத்தமும் கேக்கலங்கா."

வீட்டுக்காரி லிங்கம்மாள் காபி போட உள்ளே போயிருந்தாள். கிழவர் அடுப்படிப் பக்கம் ஒரு தடவை எட்டிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"அதுல ஒரு நோட்டு இருக்கு. கூண்டுல எறங்கி, திரும்ப ஏறி வராத ஆளுக பேரு. தேதி, யாரு மகன், எந்தக் கம்பெனி லைன் வீடு, எல்லாம் எழுதி வச்சிருக்கேன். வேற எங்கயும் கெடையாது. இவகிட்டக்கூடச் சொல்லல. செத்தவுக பேர வீட்டுக்குள்ள வச்சிருக்கேன்னு தெரிஞ்சா பயந்துருவா. சாயந்தரம் நாலு மணிக்கு மண்டபத்துக்கு அங்கருந்து ஒரு பஸ்ஸு நெறைய சனம் வருதும்மா. அப்பன் பேரு, புருசன் பேரு வாசிக்கக் கேக்கணும்னு வருதுக. நான் என்னத்த வாசிக்கிறது?"

கடைசி வார்த்தையில் குரல் உடைந்துவிட்டது. தவசி தலையைக் குனிந்துகொண்டான். அரவிந்த்குமார் குனியவில்லை. அவன் தங்கவயலைப் பற்றி ஆவணப்படம் எடுக்க வந்து மூன்று நாளாக இங்கேதான் சாப்பிடுகிறான். குனிவதற்குப் பதில் செல்போனை எடுத்துத் தேவிபிரியாவிடம் நீட்டினான்.

"மேடம், முந்தாநாள் நான் பெட்டியையெல்லாம் துடைச்சு எடுத்த போட்டோ. ஏழாவதைப் பெரிசு பண்ணிப் பாருங்க."

அந்தப் போட்டோவுக்குத்தான் அந்த நல்ல கண் பட்டம். மற்ற ஆறு பெட்டிகளிலும் விளக்கு, வில்லை, கல் என்று சுண்ணாம்பில் எழுதியிருந்தது. ஏழாவதன் மூடியில் மட்டும் பழைய மஞ்சள் பெயின்ட்டில் இரண்டு வார்த்தை. தவசி எட்டிப் பார்த்தான். அவன் முகம் அப்படியே மலர்ந்துவிட்டது.

"சின்ன வீ..."

தேவிபிரியாவின் குதிகால் அவன் காலை நசுக்கியது. லிங்கம்மாள் காபித் தட்டோடு வாசற்படியில் நின்றிருந்தாள்.

"சின்ன... சின்ன டம்ளர்ல குடுத்தாப் போதும்மா எனக்கு," என்றான் தவசி.

வெளியே வந்ததும் ஸ்கூட்டரில் சாய்ந்துகொண்டு தொடையைத் தட்டினான்.

"பாத்தீகளாக்கா! பெரியவர் என்னமோ செத்தவுக பேருங்காக. வெளிய சின்ன வீடுன்னு போர்டு போட்டே வச்சிருக்காக. நோட்டும் இல்ல, ஒண்ணும் இல்ல. உள்ள பூராம் காதல் கடுதாசி. எதுக்கும் உள்ள போயி என்னன்னு ஒரு வார்த்த கேட்டுருவோமா?"

"பொண்டாட்டி காபித் தட்டோட பக்கத்துல நிக்கிறப்பயா? நீ கேட்டாலும் கேப்ப." அவள் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள். "முதல்ல அந்தக் கோலத்த விட்டுக் காலை எடு."

அப்போதுதான் கவனித்தான். உள்ளே போகும்போது மிதித்தது போதாதென்று இப்போதும் கோலத்தின் மேல்தான் நின்றுகொண்டிருந்தான். தேவிபிரியா குனிந்து, சிக்குக் கோலத்தின் வளைவுகளை ரொம்ப நேரம் பார்த்தாள். பொம்பளைகளுக்குக் கோலத்தைக் கண்டால் வேலை மறந்துவிடும் என்று தவசி நினைத்துக்கொண்டான்.

"அக்கா, நோட்டு நெசம்னா என் கணக்கு வேற. அந்த பன்னெண்டு ஜிப்புக்காரன்தான் ஆளு. நோட்ட ஸ்கேன் பண்ணத் தாங்கன்னு கேட்டானாம், பெரியவர் மாட்டேன்னுட்டாராம். மொதல்ல தன் படத்துல வரணும்னு தூக்கிட்டான். பிடிச்சு உள்ள போடுவோம்."

"அவனுக்கு உள்ள இருக்கறது நோட்டுன்னு தெரியும்ல?"

"தெரியும்."

"நோட்டு வேணும்கறவன் பூட்ட நெம்பி நோட்ட எடுத்துக்கிட்டு, அந்தப் பையில போட்டுக்கிட்டுப் போவான். ஒரு ஜிப் போதும் அதுக்கு. இங்க ஒருத்தரு ஆளு கனம் கனக்குற பெட்டிய அப்படியே கொண்டு போயிருக்காக. உள்ள என்ன இருக்குன்னு தெரியாதவுகதான் பெட்டியோட தூக்குவாக. அவுகளுக்குத் தெரிஞ்சதெல்லாம் மேல எழுதியிருக்கற ரெண்டு வார்த்ததான்."

தவசிக்கு ஏமாற்றமாகிவிட்டது. அரவிந்த்குமாரைப் போலீஸ் ஜீப்பில் ஏற்றி, அந்தப் பையை ஸ்டேஷன் வாசலில் வைத்து ஒவ்வொரு ஜிப்பாகத் திறப்பதுவரை மனசுக்குள் பார்த்து வைத்திருந்தான்.

"இவ்வளவு கனத்தைத் தூக்கிப் போக மினி லோடு வண்டி வேணும். தெருமுனையில ஸ்டாண்டு இருக்கு. போய்க் கேளு. அலையுற வேலைக்கு உன்ன விட்டா ஆள் இல்ல."

பாராட்டா, திட்டா என்று யோசித்துக்கொண்டே போனான்.

மூன்றாவது வண்டிக்காரன் தங்கபாண்டி, தவசியோடு பள்ளிக்கூடத்தில் ஒன்றாகப் பெயிலானவன்.

"ஏலே தங்கபாண்டி, காலையில பெட்டி லோடு எதும் அடிச்சியா?"

"அடிச்சேன்லே. போன்ல ஒரு பொம்பளக் குரல். வாசல்ல பெட்டி இருக்கும், ஆறரைக்கு வந்து ஏத்திட்டுப் போயி திருச்சுழி பஸ் ஸ்டாண்டுகிட்ட பூட்டு ரிப்பேர் கடையில எறக்குன்னுச்சு. நானும் கிளீனரும் தூக்கிப் போட்டோம். வீட்டுக்குள்ளருந்து ஒரு ஈ காக்கா எட்டிப் பாக்கல. நான் என்னத்தக் கண்டேன்?"

பொம்பளக் குரல்! தவசி ஓடி வந்தான். "அக்கா, சின்ன வீடேதான்! தன் கடுதாசியெல்லாம் ஊரறிய வெளிய வந்துரும்னு பயந்து, அந்தம்மாவே ஆளு வச்சுத் தூக்கியிருக்கு. திருச்சுழியிலதான் குடித்தனம். எழுபது வயசுல மனுசன் நடக்கப் போறாராம்ல, எங்க நடக்குறாருன்னு இப்பத் தெரியுது."

தேவிபிரியா ஸ்கூட்டரில் ஏறி உட்கார்ந்தாள். திருச்சுழி ரோட்டில் இரண்டு பக்கமும் சீமைக்கருவேல். எங்கேயோ கரிமூட்டம் போட்டிருந்தார்கள், கண் எரிந்தது. வழி நெடுக தவசி அந்தச் சின்ன வீட்டுக்கு மூக்குத்தி போட்டான், பட்டுச்சேலை கட்டினான், மாடி கட்டிக் குடி வைத்தான். எழுபது வயதுக் கிழவருக்குக்கூட இரண்டு பேர் இருக்கிறார்கள், முப்பத்தொன்று ஆகியும் தனக்கு ஒருத்தியும் அமையவில்லையே என்று அதிலும் ஒரு வயிற்றெரிச்சல்.

பூட்டு, குடை, ஸ்டவ் மூன்றையும் ரிப்பேர் பார்க்கும் கடை அது. தகரப் பந்தலுக்குக் கீழே ஏழாவது பெட்டி, பூட்டோடு, பத்திரமாக இருந்தது.

"ஒரு மணி பஸ்ஸுல அந்தம்மா வருதாம். தான் வந்த பெறகுதான் பூட்டத் தொடணும்னு சொல்லியிருக்கு," என்றார் கடைக்காரர். "அருப்புக்கோட்டையில பூட்டுக் கடையே இல்லாத மாதிரி இங்க வந்து தெறக்குதுக."

"அங்க இருக்கற பூட்டுக்காரன் எல்லாத்துக்கும் அவுக வீட்டுக்காரரத் தெரியும்ல," என்றாள் தேவிபிரியா, தனக்குத்தானே சொல்லிக்கொள்வதுபோல.

தவசிக்குக் கை துருதுருத்தது. "அக்கா, இப்பவே தெறந்து நோட்ட எடுத்துட்டுப் போயிருவோம். மணி பன்னெண்டே முக்கால்."

"நோட்ட எடுத்துட்டுப் போகலாம். எதுக்காக எடுத்தாகங்கறத இங்கயே விட்டுட்டா, நாளைக்கு வேற எதையாவது தூக்குவாக. ஒக்காரு."

உட்கார்ந்தான். அப்போது பார்த்து அவன் அம்மாவிடமிருந்து போன். தவசி வீட்டில் கன்னடம். அவன் அக்கா மகளுக்கு ஆவணியில் கல்யாணம், அதனால் தினமும் மத்தியானம் அம்மாவுக்கு ஒரே கேள்விதான். தவசியும் அலுத்துக்கொண்டே அதே பதிலைச் சொல்லிவிட்டு வைத்தான்.

"உங்க வீட்டுல எதுடா அவ்வளவு சின்னது?" என்றாள் தேவிபிரியா. "சின்ன, சின்னன்னு நாலு தடவ சொன்னியே."

"சின்னது இல்லக்கா. கன்னடத்துல சின்னன்னா தங்கம். இன்னைக்குத் தங்கம் ஏறியிருக்கா, எறங்கியிருக்கான்னு அம்மா..."

வாய் திறந்தபடியே நின்றுவிட்டது. தேவிபிரியா பெட்டியைப் பார்த்தாள். தவசியும் பார்த்தான். மஞ்சள் பெயின்ட்டில் இரண்டு வார்த்தை.

"தங்க வீடு," என்றாள் அவள் மெதுவாக.

"அக்கா! தங்கவயலு கன்னட நாட்டுலதான இருக்கு!"

"ஏன்டா, வீட்டுல தெனமும் பேசுற வார்த்த. காலையிலயே தோணலயா உனக்கு?"

"நான் வீட்டுல கன்னடம், ஆபீஸுல தமிழு. ரெண்டும் எனக்குள்ள ஒண்ணுக்கொண்ணு பேசிக்கிறதே இல்லக்கா."

அவள் சங்கரலிங்கத்துக்குப் போன் போட்டு ஒரே கேள்வி கேட்டாள். ஸ்பீக்கரில் கிழவர் குரல் கேட்டது. "ஆமாம்மா, தங்கத்த உருக்கிக் கட்டியாக்குற கட்டடத்த எங்க ஆளுக சின்ன வீடுன்னுதான் சொல்லுவாக. பாதி கன்னடம், பாதி தமிழு. அந்தப் பெட்டி அங்க இருந்ததுதான். ஏம்மா, கெடைச்சிருச்சா?"

"நாலு மணிக்குள்ள சொல்லுதேன்யா." போனை வைத்துவிட்டுத் தவசியிடம் திரும்பினாள். "உங்கம்மா கெட்டிக்காரிடா."

எட்டு வருஷமாக அவன் காத்திருந்த வார்த்தை. கடைசியில் பெற்ற தாய் மேலேயே பொறாமைப்படும்படி ஆகிவிட்டது அவன் நிலைமை.

ஒரு மணி பஸ் வந்தது. ஆட்டுக்காரர் ஒருவர் இறங்கினார், அரிசி மூட்டை இறங்கியது. பின்னாலேயே முந்தானையால் தலையை மூடிக்கொண்டு ஒரு பெண் இறங்கினாள். பட்டும் இல்லை, மூக்குத்தியும் இல்லை. காலையில் காபி கொடுத்த அதே நூல் சேலை.

லிங்கம்மாள்.

அவர்களைப் பார்த்ததும் ஒரு கணம்தான் நின்றாள். பிறகு நேராக வந்து பெட்டியின் மேலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"எப்படிக் கண்டுபிடிச்சீக?"

"அம்மா, வாசல் தெளிச்சா எப்பக் கோலம் போடுவீக?" என்றாள் தேவிபிரியா.

"தெளிச்ச ஈரத்துலயேதான். காஞ்சா மாவு நிக்காது."

"இன்னைக்கு ஈரத்துல மினி லோடு சக்கரம் அழுந்திப் பதிஞ்சிருக்கு. இவன் மிதிச்ச எடம் போக, அதுக்கு மேல உங்க கோலம் ஒரு இழை கலையாம ஓடுது. அப்ப, தெளிச்சுட்டு, வண்டி வந்து போறவரைக்கும் காத்திருந்து போட்டிருக்கீக. வண்டியே தெரியாதுன்னா எப்படிம்மா?"

தவசிக்குச் சுருக்கென்றது. அந்தக் கோலத்தின் மேல் இரண்டு தடவை நின்றவன் அவன். "ஏன்க்கா, அப்பவே எங்கிட்டச் சொல்லக் கூடாதா?"

"சொன்னா உன் வாய் நமக்கு முன்னாடி திருச்சுழிக்கு வந்திருக்கும்."

லிங்கம்மாள் இரண்டு பேரையும் கவனிக்கவில்லை. பேச ஆரம்பித்துவிட்டாள். யாராவது கேட்க மாட்டார்களா என்று இருந்திருப்பாள்போல.

"கல்யாணம் ஆன நாள்லருந்து பதினேழு வருசம் அவுக அங்க, நான் இங்க. மாமியாளப் பாத்துக்கிட்டு, தறியப் பாத்துக்கிட்டு. வருசத்துக்கு ஒருக்கா நம்மூரு அம்மன் கோயில் பங்குனிப் பொங்கலுக்கு வருவாக. வந்தாலும் அந்த ஊருப் பேச்சுதான். அங்க குளிரு, அங்க சினிமாக் கொட்டகை, அங்க தண்ணி. திரும்பி வந்த பெறகும் அந்தப் பெட்டிகளத்தான் தொடச்சாக, என்னய ஏறெடுத்துப் பாக்கல. இந்தப் பெட்டி மட்டும் அழுக்கேறிக் கெடந்துச்சு. முந்தாநாத்து அந்தக் கேமராத் தம்பி ஈரத்துணி போட்டுத் தொடச்சுச்சு. எழுத்து தெரிஞ்சதும் படிச்சுட்டு வாய்க்குள்ளயே சிரிச்சுச்சு. நான் கதவோரம் நின்னுக்கிட்டிருக்கேன். அந்தச் சிரிப்பத்தாம்மா என்னால தாங்க முடியல."

தவசிக்கு ஒரு பக்கம் சந்தோஷம், அரவிந்த்குமார் மேல் ஒரு குற்றமாவது நின்றதே என்று. இன்னொரு பக்கம் வெட்கம். அதே சிரிப்பை அவனும் காலையில் சிரித்திருந்தான்.

"உள்ள என்னன்னு நேத்து கேட்டேன். நாளைக்குச் சாயந்தரம் எல்லாருக்கும் முன்னால தெறப்பேன், பாருன்னு சிரிக்காக. அத்தன சனத்துக்கு முன்னால அவ போட்டோவ நான் பாக்கணுமா? அதுக்கு முந்தி நான் ஒத்தையில பாத்துருவோம்னுதான் பழைய சேலையப் போட்டு, பெட்டிய இழுத்து வாசல்ல வச்சேன்."

"அம்மா, சின்னன்னா..." தவசி குறுக்கிட்டான்.

"எனக்குத் தெரியாதா? தமிழ்லயும் அதுதான், தெலுங்குலயும் அதுதான்."

"கன்னடத்துல அது தங்கம்மா. தங்கம் உருக்குன வீடு. அங்கருந்து வந்த பெட்டி. எங்கம்மாகிட்ட வேணா போன் போட்டுத் தாரேன்."

அவள் நம்பவில்லை. எழுந்து நின்று, பூட்டைக் காட்டினாள். கடைக்காரர் இரண்டு நிமிஷத்தில் திறந்தார். உள்ளே ஒரு கம்பளி, கம்பளிக்குள் காலிகோ அட்டை போட்ட பெரிய நோட்டு. வேறு எதுவும் இல்லை. முதல் பக்கத்தில் கிழவரின் குண்டு எழுத்து. லிங்கம்மாள் எழுத்துக்கூட்டிப் படித்தாள்.

"சின்ன வீட்டில் தங்கத்தை எடை போட்டு எழுதி அனுப்பினார்கள். ஆட்களை எழுத யாரும் இல்லை. நான் எழுதுகிறேன்."

அடுத்த பக்கத்திலிருந்து பேர்கள். அவள் முகத்தில் இருந்த கோபம் போக இடம் தெரியாமல் நின்றது. திடீரென்று விரலை எச்சில் தொட்டு வேகவேகமாகப் பக்கத்தைப் புரட்டினாள்.

"எம்பத்தேழு. பங்குனிப் பொங்கலுக்கு வாரேன்னு கடுதாசி போட்டுட்டு வரல." விரல் ஓரிடத்தில் நின்றது. "பங்குனி பதினொண்ணு. மூணு பேரு."

அவள் மேலும் சில பக்கங்களைத் தள்ளினாள்.

"தொண்ணூறுல வரல. இந்தா, பங்குனி ஆறு, ஒருத்தரு. தொண்ணூத்தி மூணு, மூத்தவனுக்கு மொட்டை போட எல்லாம் வாங்கி வச்சிட்டுக் காத்திருந்தோம்." புரட்டினாள். "ரெண்டு பேரு. அப்பனும் மகனும்." குரல் தணிந்துவிட்டது. "எங்கிட்டச் சொல்லியிருக்கலாம்ல. நான் இங்க அவள வஞ்சுக்கிட்டுக் கெடந்தேன். எத்தன வருசம்! யாரு மண்ண அள்ளித் தூத்துனேன்னு தெரியலயே."

அவர் வராத வருஷங்களை அவள் வரிசையாக மனப்பாடம் பண்ணி வைத்திருந்தாள். தவசிக்கு அது நன்றாகப் புரிந்தது. தேவிபிரியா யார் யாரைப் பாராட்டினாள், எந்தத் தேதியில் பாராட்டினாள் என்று அவனிடமும் ஒரு பட்டியல் இருந்தது. பொறாமைக்காரனுக்கு ஞாபகசக்தி அதிகம்.

"தொண்ணூத்தி ஏழு," என்றாள் லிங்கம்மாள். புரட்டினாள். திரும்பவும் புரட்டினாள். "தையில ஒண்ணு. ஆடியில ஒண்ணு. பங்குனியில..."

பங்குனியில் எதுவும் இல்லை.

நோட்டை மூடினாள். "அப்ப அந்த வருசம் மட்டும் எங்க போனாக?"

தேவிபிரியா கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். மணி ஒன்றரை.

"தூக்குங்க பெட்டிய," என்றாள் லிங்கம்மாள். "செத்தவுக பேர மறிச்சு வைக்க எனக்கு மனசில்ல. அந்தச் சனம் கேட்டுட்டுப் போகட்டும். ஆனா மொதப் பேர வாசிக்கிறதுக்கு முந்தி அவுக எனக்கு ஒரு பதில் சொல்லணும். சொல்லாட்டி நான் நோட்டக் குடுக்க மாட்டேன்."

தங்கபாண்டியையே திரும்ப வரச் சொல்லி, பெட்டியை ஏற்றிக்கொண்டு அருப்புக்கோட்டை மண்டபத்துக்கு வந்து சேர்ந்தபோது மணி மூன்றே முக்கால். தங்கவயல் பஸ் முன்னமே வந்துவிட்டது. உள்ளே நாற்காலிகள் நிறைந்து, சின்னக் குழந்தைகள் முதல் ஊன்றுகோல் வைத்தவர்கள் வரை உட்கார்ந்திருந்தார்கள். அரவிந்த்குமார் மைக்கைத் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தான். சங்கரலிங்கம் வாசலுக்கு ஓடி வந்தார். பெட்டியைப் பார்த்ததும் அவர் கை தானாகக் கும்பிட்டது. பெட்டிக்குப் பக்கத்தில் நோட்டை மார்போடு அணைத்துக்கொண்டு நின்ற மனைவியைப் பார்த்ததும் கை கீழே இறங்கிவிட்டது.

தேவிபிரியா நாலே வாக்கியத்தில் நடந்ததைச் சொன்னாள். கிழவர் மனைவி பக்கம் திரும்பினார்.

"இதையா அப்படி நெனச்ச? எங்கிட்ட மூஞ்சிக்கு நேரா ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்ல?"

"இப்பக் கேக்கேன். தொண்ணூத்தி ஏழு பங்குனிப் பொங்கலுக்கு நீங்க வரல. நோட்டுல யாரும் சாகல. எங்க போனீக?"

சங்கரலிங்கம் உள்ளே திரும்பிப் பார்த்தார். நூறு பேர் காத்திருந்தார்கள். அவர் முகம் சிவந்துவிட்டது. தப்பு செய்தவனின் சிவப்புதான் என்று தவசி முடிவு கட்டினான். தேவிபிரியாவும் அப்படித்தான் நினைத்திருக்க வேண்டும், மெதுவாக ஓர் அடி பின்னால் நகர்ந்தாள்.

"வந்தேன்," என்றார் கிழவர்.

"எங்க வந்தீக?"

"நம்ம தெருமுனை வரைக்கும். லீவு ஒரு நாளு முன்னாடியே கெடைச்சுச்சு, சொல்லாம வந்து நிப்போம்னு வந்தேன். நீ வாசல்ல நின்னு ஒருத்தன்கூடச் சிரிச்சுப் பேசிக்கிட்டிருந்த. சைக்கிளு, ஊதாச் சட்டை. எனக்கு உள்ள வரப் பிடிக்கல. அப்படியே திரும்பிப் போயி பஸ்ஸு ஏறிட்டேன்."

லிங்கம்மாள் நெற்றியைச் சுருக்கிக்கொண்டு யோசித்தாள்.

"ஊதாச் சட்டையா? யாரு அது? நூல்காரனா? பால்காரனா?" மறுபடியும் யோசித்தாள். "சத்தியமா யாருன்னே ஞாபகம் வரலயே."

"எனக்கு அவன் மூஞ்சி இன்னும் அப்படியே இருக்கு."

"இருபத்தெட்டு வருசமா இத வயித்துக்குள்ளயே வச்சிருந்தீகளா?"

"நீ வச்சிருக்கலயா?"

"நான் முந்தாநாத்துலருந்துதான்," என்றாள் லிங்கம்மாள், எம்பத்தேழையும் தொண்ணூறையும் தொண்ணூத்தி மூணையும் தலைகீழாக ஒப்பித்தவள்.

உள்ளே யாரோ இருமினார்கள். மைக் கொய்யென்று ஒரு சத்தம் போட்டு அடங்கியது. லிங்கம்மாள் நோட்டை நீட்டினாள்.

"போயி வாசிங்க. அவசரப்படாம, அவுக அப்பன் பேரோட சேத்து வாசிங்க."

அவர் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். நாலு அடி போயிருப்பார்.

"இங்க பாருங்க," என்றாள் அவள். குரல் தாழ்ந்திருந்தது. "அன்னைக்கு நான் அவ்வளவு நல்லாவா சிரிச்சேன்?"

கிழவர் திரும்பாமலே நின்றார்.

"ரொம்ப நல்லா," என்றார். "எனக்குத் தாங்கல."

பிறகு மேடையேறி, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, முதல் பேரை வாசித்தார்.